முதல் அடி விழுவதற்கு முன்: அதிரடிப் படத்தின் தொடக்கக் காட்சியைப் பகுத்தாயும் முறை

அதிரடிப் படம் ஒன்றின் தொடக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொன்னால், சிங்கப்பூரில் என்னிடம் திரைப்படம் பற்றி எழுதப் பழகும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் "காட்சி விறுவிறுப்பாக இருந்தது" என்றே ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் அந்தச் சொல்லை ஒரே பக்கத்தில் ஆறு முறை எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் விறுவிறுப்பு என்பது பார்ப்பவரிடம் உண்டான விளைவு. அதற்கான காரணம் ஷாட்டின் (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஓடும் படத்துண்டின்) நீளத்தில், கேமரா நின்ற இடத்தில், ஓர் ஒலி எழுந்த அல்லது அடங்கிய நொடியில் இருக்கிறது. விளைவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து காரணத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் இங்கே பகுத்தாய்வு என்று சொல்கிறேன்.

அப்படி நடக்கும்போது கைவிளக்காக ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த நொடியில் எது யாருக்குத் தெரியும்? பாத்திரங்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது எது, நமக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது எது, ஒரு பாத்திரம் மற்றொன்றிடம் மறைப்பது எது என்று ஒவ்வொரு ஷாட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஓட்டமும் வெடிப்புமாகத் தோன்றும் ஒரு தொடக்கம், உண்மையில் தகவலை யாருக்கு எவ்வளவு என்று அளந்து பங்கிட்டுக்கொண்டிருப்பது அப்போது தெரியவரும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகள்தாம்.

எந்தப் பிரதி, எங்கிருந்து எதுவரை

முதலில், எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் படங்களைப் பிஜி13, என்சி16, எம்18 போன்ற வயது வரம்புகளின்படி வகைப்படுத்துகிறது. குறைந்த வயது வரம்பைப் பெறுவதற்காக விநியோகஸ்தர்கள் சில நொடிகளை வெட்டித் தருவதும் உண்டு. ஆகவே திரையரங்கில் பார்த்த பிரதியும் வீட்டில் இணையவழி பார்க்கும் பிரதியும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நேரக் குறிப்புகள் இடிக்கும்போது, பிழை உங்கள் கடிகாரத்தில் இல்லாமல் பிரதியில் இருக்கலாம். படச் சட்டகத்தின் அளவும் மாறக்கூடும். 'தி டார்க் நைட்' (2008) படத்தின் வங்கிக் கொள்ளைத் தொடக்கம் ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டது. ஐமேக்ஸ் திரையில் தெரியும் உயரம் சாதாரணப் பிரதியில் மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும். கட்டடங்களின் உயரத்தைப் பற்றி வாதம் செய்யப்போகிறவர் இதை அறியாமல் எழுதினால் வாதம் சறுக்கும்.

அடுத்து எல்லை. தொடக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே எளிதான கேள்வியன்று. தமிழ்ப் படமென்றால் தணிக்கைச் சான்றிதழ், நன்றி அட்டை, புகைபிடித்தல் எச்சரிக்கை, தயாரிப்பு நிறுவனச் சின்னம் எல்லாம் கடந்துதான் கதை வரும். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடலாம். நடிகரின் டைட்டில் கார்டைத் தாண்டக் கூடாது. 1992இல் வந்த 'அண்ணாமலை' படத்தில்தான் ரஜினிகாந்தின் 'சூப்பர் ஸ்டார்' எழுத்துகள் புள்ளி புள்ளியாகத் திரையில் கூடிய அந்தத் தனி அட்டை, தனக்கே உரிய இசையோடு முதலில் வந்தது. அந்த எழுத்துகள் கூடி முடிவதற்குள் அரங்கம் விசிலில் மூழ்கிவிடும். கதை தொடங்கும் முன்பே நாயகன் வெல்வான் என்ற தகவல் பார்ப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது என்பதால், இதற்குப் பிறகு வரும் ஆபத்துகளின் எடை வேறாகிவிடுகிறது. 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்திலோ பாரமவுன்ட் நிறுவனத்தின் மலைச் சின்னமே மெல்லக் கரைந்து கதைக்குள் இருக்கும் ஒரு மலையாகிறது. அங்கே சின்னத்தைத் தாண்டினால் முதல் ஷாட்டின் பாதியை இழந்துவிடுவீர்கள்.

முடிவெல்லையைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது, முதல் சில நிமிடங்களில் எழுப்பப்பட்ட உடனடிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா என்பதை. இடமோ பொழுதோ சட்டென மாறுவதும், தொடர்ந்து வந்த இசை அறுபடுவதும் துணைச் சான்றுகள். இவை மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் தயங்காமல் கோடு போடலாம். கூடாவிட்டால், ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

மூன்று முறை பார்த்தல்

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள், பேனாவைத் தொடவேண்டாம். உடல் எங்கே முன்னால் சாய்ந்தது, எங்கே சிரிப்பு வந்தது, எங்கே குழம்பினோம் என்பதை மட்டும் முடிந்தபின் எழுதிக்கொள்ளுங்கள். திரையரங்கில் பார்ப்பதாக இருந்தால் முதல் நாள் முதல் காட்சியைத் தவிர்ப்பது நல்லது. அது கொண்டாட்டத்துக்கு ஏற்ற இடம், வசனம் கேட்பதற்கு அன்று. இங்குள்ள அரங்குகளில் தமிழ்ப் படங்கள் ஆங்கில வசன வரிகளோடு ஓடுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே வாக்கியம் முழுதும் கீழே எழுத்தில் வந்துவிடும்; நகைச்சுவை வரிக்கு அரங்கத்தின் ஒரு பாதி முன்னதாகவும் மறுபாதி பின்னதாகவும் சிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். எது யாருக்கு எப்போது தெரிகிறது என்று கணக்கெடுப்பவருக்கு இந்த ஒரு நொடி முக்கியம். ஆகவே ஆய்வுக்காகப் பார்க்கும்போது வசன வரிகளை அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் முறை ஒலியை முழுதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை தூக்கிப் பிடித்த காட்சிகள் சப்பென்று ஆகிவிடும். படத்தொகுப்பின் பலத்தால் நின்றவை அப்படியே நிற்கும். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பக்கத்துச் சுவரையும் கீழ்த்தளத்தில் ஓடும் பிள்ளைகளையும் கருதி, காதொலிக் கருவி அணிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது, அண்டை வீட்டாருக்கும் நல்லது.

இணையவழிச் சேவைகளில் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்க முயன்றால் பெரும்பாலும் கறுப்புச் சதுரம்தான் கிடைக்கும். அதற்காக வருந்தவேண்டாம். முக்கியமான பத்துப் பன்னிரண்டு ஷாட்டுகளைத் தாளில் சிறு கட்டங்களாகக் கையால் வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். வரையும்போதுதான் ஒரு தலை சட்டகத்தின் இடது ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருப்பதும், அவருக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தே கிடப்பதும் கண்ணில் படும். திரைப்பிடிப்பு எடுப்பவர் அதைச் சேமித்துவைப்பாரே தவிர, பார்க்கமாட்டார்.

ஷாட் அட்டவணை

இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாதவரின் கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம், அளவு (தொலைவு, நடு, குளோசப்), கேமராவின் அசைவு, கேட்கும் ஒலி, கடைசியாக 'யாருக்குத் தெரியும்' என்ற நெடுவரிசை, இவ்வளவு போதும். தொடக்கம் ஆறு நிமிடம், அதாவது 360 வினாடி ஓடி, அதில் 90 ஷாட்டுகள் இருந்தால் சராசரி நீளம் 4 வினாடி. அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல், 1930 முதல் 1960 வரையான ஹாலிவுட் படங்களில் இந்தச் சராசரி பெரும்பாலும் 8 முதல் 11 வினாடிக்குள் இருந்ததையும், நூற்றாண்டின் முடிவில் அது பல படங்களில் 3 முதல் 6 வினாடிக்கு இறங்கியதையும் காட்டியிருக்கிறார். உங்கள் எண்ணை இவற்றோடு ஒப்பிடலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. சராசரி என்பது ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குவதைப் போன்றது. நாற்பது ஷாட்டுகள் ஒரு வினாடிக்குள் முடிந்து, ஒரே ஒரு ஷாட் நாற்பது வினாடி நின்றிருந்தால், அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதவேண்டும். இயக்குநர் அங்கே ஏன் வெட்டவில்லை?

நிலம், பொழுது, கருப்பொருள்

சட்டகத்துக்குள் இருப்பவற்றை வகைப்படுத்த நம் உயர்நிலைப் பள்ளித் தமிழிலக்கிய வகுப்பே ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய உணவும் விலங்கும் பறையும் தொழிலும் போன்றவை கருப்பொருள், மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். அகத்திணைக்கு வகுத்ததை அடிதடிக்குப் பயன்படுத்துவதா என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் இது வேலை செய்கிறது. எந்த நகரம், பகலா இரவா, மழையா வெயிலா என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு கையில் இருக்கும் பொருள்கள், உடை, வண்டி, சுவரில் தொங்குவது. கடைசியில்தான் பாத்திரத்தின் உணர்வு. உணர்வை முதலில் எழுதுகிறவர் தம் உணர்வைத்தான் எழுதுகிறார்.

கருப்பொருள் எவ்வளவு பேசும் என்பதற்கு 'கபாலி' (2016) நல்ல எடுத்துக்காட்டு. கோலாலம்பூரின் தாதா ஒருவன் இருபத்தைந்து ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளிவரும் கதை அது. அவன் அறிமுகமாகும்போது கையில் இருப்பது கத்தியன்று, ஒரு புத்தகம்: தெலங்கானாவின் தலித் குடும்பமொன்றின் வரலாற்றைச் சொல்லும், ஒய். பி. சத்யநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா'. அதன் அட்டையைப் படித்துவிட்டவருக்கு இந்தப் படம் எதைப் பற்றிச் சண்டையிடப் போகிறது என்பது முதல் அடி விழுவதற்கு முன்பே தெரியும். படிக்காதவருக்குப் படிக்கும் பழக்கமுள்ள ஒரு கைதி மட்டும் தெரிவான். ஒரே ஷாட் ஒரே அரங்கில் இரண்டு விதமான பார்வையாளர்களுக்கு இரண்டு அளவில் தகவல் தருகிறது. கைதி உடையைக் களைந்து அவன் கோட்டு சூட்டு அணிவதையும் இதே பத்தியில் சேர்த்து எழுதவேண்டும். தோட்டப்புறத் தொழிலாளர் பரம்பரையை நேரில் அறிந்த மலாயாத் தமிழருக்கு அந்த உடைமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

முகம் எப்போது வருகிறது

நாயகனின் காலணி, பிறகு கை, பிறகு முதுகு, கடைசியில் முகம் என்று வரும் அறிமுகத்தைச் சினிமாவின் சலித்துப்போன உத்தி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். தெருக்கூத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே இருவர் துணியொன்றைத் திரையாகப் பிடித்திருக்க, வேடம் கட்டியவர் அதன் பின்னால் நின்று பாடுவார். கட்டியங்காரன் வருவது யார் என்று முழங்குவான். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். அதன் பிறகுதான் திரை விலகும். நாயகனைப் பற்றி அடியாட்கள் பயத்தோடு பேசிக்கொண்ட பிறகு அவன் நுழைவது கட்டியங்காரன் வேலைதான். பில்டப் என்று நாம் கேலியாகச் சொல்வதற்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்பதால், முகம் எத்தனையாவது வினாடியில் காட்டப்படுகிறது, அதற்கு முன் யார் யார் அவனைப் பார்த்துவிட்டார்கள் என்பதை அட்டவணையில் கட்டாயம் குறியுங்கள். 'ரெய்டர்ஸ்' படத்திலும் நாயகன் முதலில் முதுகும் தொப்பியும் நிழலுமாகவே வருகிறான். துப்பாக்கியை உருவும் துரோகியின் கையைச் சாட்டையால் அடித்த பிறகே ஒளிக்குள் வந்து முகம் காட்டுகிறான். செயல் முன்னும் முகம் பின்னுமாக வருவதால், அவன் யார் என்பதற்கு முன்பே அவன் எவ்வளவு கூர்ந்த காதுடையவன் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த உத்தியைத் தலைகீழாக்கியதுதான் 'தி டார்க் நைட்' தொடக்கம். கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் சன்னல் வெடித்துச் சிதறுகிறது. கோமாளி முகமூடி அணிந்த இருவர் கயிற்றில் சறுக்கிப் பக்கத்துக் கூரைக்குப் போகிறார்கள். தெருமுனையில் ஒருவன் முகமூடியைக் கையில் தொங்கவிட்டு நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். வண்டி வந்ததும் ஏறிக்கொள்கிறான். வண்டிக்குள் பங்குக் கணக்கு நடக்கிறது: வேலை செய்வது ஐந்து பேர், ஆனால் திட்டமிட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு, அவன் வராமலேயே பங்கு கேட்கிறான் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். கொள்ளையர்கள் ஒருவர்பின் ஒருவராக, பெரும்பாலும் தம் வேலை முடிந்ததும் கூட்டாளியாலேயே, ஒழிக்கப்படுகிறார்கள். பள்ளிப் பேருந்து ஒன்று சுவரை இடித்துக்கொண்டு நுழைகிறது. எல்லாரும் ஒழிந்தபின் எஞ்சிய ஒருவன் முகமூடியைக் கழற்றும்போதுதான், வராமலிருப்பதாகச் சொல்லப்பட்டவன் முதலிலிருந்தே கூடவே இருந்தான் என்று நமக்குத் தெரிகிறது. தெருமுனையில் நின்ற அந்த முதுகு அவனுடையது.

'யாருக்குத் தெரியும்' நெடுவரிசையை நிரப்பிப் பார்த்தால் இதன் கட்டுமானம் துலங்கும். கூட்டாளியைச் சுடும் கூலியாளுக்குத் தன்னிடம் சொல்லப்பட்ட ஒரு கொலை மட்டும் தெரியும். தன் கொலை தெரியாது. சுடும் ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் நாம் அவர்களைவிட ஒரு படி முன்னே போகிறோம், அடுத்து யார் என்று எண்ணவும் தொடங்கிவிடுகிறோம். அந்த முன்னேற்றத்தால் வரும் இறுமாப்பில், முதல் நிமிடத்திலேயே கண்முன் வைக்கப்பட்ட விடையைக் கவனிக்காமல் விடுகிறோம். அபாயமணியை அணைப்பவன், அழைப்பு காவல்துறைக்குப் போகாமல் தனியார் எண் ஒன்றுக்குப் போகிறதே என்று வியக்கும் வரியையும் இதே நெடுவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். இது சாதாரண வங்கியன்று என்பதற்கான விதை அது; வங்கி மேலாளரே துப்பாக்கியோடு எழுந்து சுடும்போது அந்த விதை முளைக்கிறது.

அடிதடியையே ஆய்வது

இவ்வளவுக்குப் பிறகும் சண்டையைத் தனியே பார்க்கவேண்டும். இடம் முதலில் காட்டப்பட்டதா, அதாவது கதவு எங்கே, எதிரி எந்தப் பக்கம் என்று நம்மால் தரைப்படம் வரைய முடிகிறதா என்று சோதியுங்கள். இருவருக்கு இடையே கற்பனையாக ஓடும் 180 பாகைக் கோட்டைக் கேமரா தாண்டாதவரை இடமும் வலமும் குழம்பாது. தாண்டினால், குழப்பம் வேண்டுமென்றே செய்ததா, கைத்தவறா என்பதை உங்கள் முதல் பார்வைக் குறிப்போடு ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள். அடி விழும் கணம் ஒரே ஷாட்டுக்குள் தெரிகிறதா, வெட்டுக்குள் மறைகிறதா என்பதும் முக்கியம். ஒரே ஷாட்டில் தெரிந்தால் அங்கே நடிகரும் ஸ்டன்ட் மாஸ்டரும் பேசுகிறார்கள். வெட்டுக்குள் மறைந்தால் படத்தொகுப்பாளர் பேசுகிறார். மெதுவாக ஓடும் காட்சிகளையும் குறியுங்கள். வினாடிக்கு 48 சட்டகம் என்று எடுத்து 24 சட்டகமாக ஓட்டினால் இயக்கம் பாதி வேகத்தில் நடக்கும். அந்த இரட்டிப்பு நேரம் எந்த உடலுக்குக் கொடுக்கப்பட்டது, அடித்தவனுக்கா விழுந்தவனுக்கா என்று கேளுங்கள். தமிழ்ப் படங்களில் விடை பெரும்பாலும் வேட்டி பறக்கும் பக்கம்தான்.

ஒலியைப் பற்றி ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். கதைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியையும் நமக்கு மட்டும் கேட்கும் பின்னணி இசையையும் அட்டவணையில் இரண்டு நிற மையில் எழுதுங்கள். 'தி டார்க் நைட்' படத்தில் கடைசியில் முகமூடியைக் கழற்றும் அந்த ஜோக்கர் பாத்திரத்துக்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர், செல்லோ என்ற நரம்புக் கருவியில் இழுபடும் ஒற்றை ஸ்வரத்தை அடிப்படையாகக் கொண்டு இசை அமைத்தார். இரண்டு நிற மை வைத்திருப்பவருக்கு, முகம் வருவதற்கு முன் காதுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எழுதும்போது

அட்டவணையை அப்படியே கட்டுரையாக்கக் கூடாது. ஒரு பத்திக்கு ஒரு கூற்று, அதற்கு இரண்டு மூன்று சான்று, அந்தச் சான்று பார்ப்பவரிடம் என்ன செய்கிறது என்ற விளக்கம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு: "கொள்ளையர்களின் பங்குக் கணக்கு, வராதவன் ஒருவனைப் பற்றிய புகாராகத் தொடங்குகிறது. அதைப் பேசும்போது அவன் அதே வண்டியில் முகமூடியோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வசனம் நம் கவனத்தை வண்டிக்கு வெளியே அனுப்பிவைக்க, சட்டகம் விடையை உள்ளேயே வைத்திருக்கிறது." இதில் விறுவிறுப்பு என்ற சொல் இல்லை, படிப்பவர் அதைத் தாமே உணர்ந்துகொள்வார்.

முழுப் படத்தையும் பார்த்து முடித்தபின் தொடக்கத்தை நான்காம் முறை பாருங்கள். 'ரெய்டர்ஸ்' தொடக்கத்தின் இறுதியில் விமானத்தில் பாம்பைக் கண்டு நாயகன் அலறுவதை முதல் முறை சிரிப்புக்காக என்று எழுதியிருப்பீர்கள். அவன் பிற்பகுதியில் பாம்புகள் நெளியும் நிலவறைக்குள் இறங்கவேண்டியிருப்பதைப் பார்த்தபிறகு அந்த வரியைத் திருத்துவீர்கள். இப்படித் திருத்திய இடங்களை மட்டும் வேறு மையில் குறித்துவைத்தால், கட்டுரையின் மையக் கூற்று பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகவே இருக்கும். கடைசியாக, ஒப்படைப்பதற்கு முன் நேரக் குறிப்புகள் அனைத்தையும் முதலில் குறித்துவைத்த அதே பிரதியோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்; நண்பரின் வீட்டில் வேறொரு பிரதியை வைத்துச் சரிபார்த்த ஒருவர், சரியாக இருந்த பன்னிரண்டு குறிப்புகளையும் தவறாகத் திருத்திக் கொண்டுவந்தார்.